அப்பப்பாவின் அறிவித்தலில் இல்லாத பேத்திக்கு

மகளே,

உனக்கு இப்போது நாலு வயது. இதை வாசிக்கும்போது எத்தனை வயதாக இருக்கும், தமிழிலேயே வாசிப்பாயா, இல்லை யாரையாவது வாசித்துக்காட்டச் சொல்வாயா, எதுவும் எனக்குத் தெரியாது. உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்ப்பதா என்று இந்தக் கிழமை முழுக்க நானும் டாடியும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருக்கிறோம். சேர்க்க வேண்டும், அது அப்பப்பாவின் மொழி என்று நிற்பவர் டாடி. தமிழ் தெரிந்த நான் வேண்டாம் என்கிறேன். அவ்வளவுக்கு எனக்குக் கசந்துபோய்க் கிடக்கிறது. அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்று நீ வளர்ந்தபிறகு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இது. நான் கட்டடங்களுக்குத் தீ எச்சரிக்கை அமைப்பு வடிவமைக்கிறவன். ஓரிடம் எரிந்தால் எங்கே தொடங்கியது, ஏன் மணி அடிக்கவில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுப்பேன். அதற்குமேல் நயமாக எழுத எனக்கு வராது. பொறுமையும் கிடையாது. உனக்கும் அது என்னிடமிருந்து வந்திருக்கிறது என்று டாடி சொல்கிறார்.

இதை உனக்கு மட்டும் எழுதி அலுமாரியில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அப்பப்பா இறந்தபோது வந்த மரண அறிவித்தலைச் சிட்னி, மெல்பேர்ன், ரொறன்ரோ, லண்டன் என்று எங்கள் சனம் முழுக்க வாசித்தது. அதை வாசித்தவர்கள் இதையும் வாசிக்கட்டும். இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை, உன் டாடியின் பெயரைத் தவிர. அவர் பெயர் கிரெக். அந்த அறிவித்தலில் விடப்பட்ட பெயர் அது. உன் பெயரும் அதில் விடப்பட்டிருந்தது. ஆனால் உன் பெயர் உனக்குத் தெரியும்.

அக்காவிலிருந்துதான் தொடங்க வேண்டும். உனக்கு மாமி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தபோது நான் ஆரம்பப் பள்ளிக்குப் போகிற வயது. அப்பா பஸ் ஓட்டினார், அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, இரண்டு பேரும் வீட்டில் ஒன்றாக இருக்கிற நேரம் குறைவு. எனக்குச் சாப்பாடு கட்டித் தந்தது, பள்ளிக்கூடச் சந்திப்புகளுக்கு வந்து ஆசிரியர்களோடு ஆங்கிலத்தில் கதைத்தது, கணக்குப் பாடத்தில் நான் திமிராகப் பதில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டது எல்லாம் அக்கா. எனக்குப் பெண்களில் நாட்டமில்லை என்று முதன்முதலில் சொன்னதும் அவரிடம்தான். பரமட்டா ஸ்டேசனுக்கு வெளியே காரை நிறுத்தி வைத்திருந்தார். நான் இறங்குவதற்கு முன் சொல்லிவிட்டேன், சுற்றி வளைக்காமல், ஒரே வசனத்தில். அக்கா ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "சரி. அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீ சொல்லுற மாதிரிச் சொன்னா அவ நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுவா, பேந்து நீதான் அம்புலன்சுக்கு அடிக்கவேணும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு ரயிலில் ஏறும்போது என் முதுகில் இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. அதை நான் மறுக்கப்போவதில்லை. நடந்ததை எழுத வேண்டுமென்றால் நல்லதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் செய்யலாமா என்று அரசாங்கம் நாட்டில் இருக்கிற எல்லாரிடமும் தபாலில் கேட்ட காலம் ஒன்று இருந்தது. உனக்கு இது கேட்கவே விசித்திரமாக இருக்கும். என் வாழ்க்கையைப் பற்றி முன்பின் தெரியாத ஆட்கள் சமையலறை மேசையில் இருந்து ஓம், இல்லை என்று அடையாளமிட்டு உறையில் போட்டு அனுப்பினார்கள். எனக்கு அந்த நாட்களில் ஆத்திரம் தவிர வேறொன்றும் வரவில்லை. அக்காதான் இறங்கி வேலை செய்தார். வேலை முடிந்து வந்து, எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டினார். ஒருநாள் நானும் கூடப் போனேன். "பிள்ளை, நீ நல்ல குடும்பத்துப் பெட்டை, உனக்கேன் இந்த வேலை?" என்று ஓர் அங்கிள் கதவைப் பாதி திறந்தபடி கேட்டார். "நல்ல குடும்பமெண்டபடியாத்தான் அங்கிள் வந்தனான். உங்கட மகனெண்டா என்ன செய்வியள், வீட்டை விட்டுக் கலைப்பியளோ?" என்றார் அக்கா. அவர் கதவைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு கோயிலில் அக்காவோடு கதைப்பதை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். முடிவு வந்தபோது மேற்குச் சிட்னியில் பல தொகுதிகள் இல்லை என்றுதான் சொல்லியிருந்தன. நாடு ஓம் என்றது. அக்கா அழைத்து, தொலைபேசியில் அழுதுகொண்டேயிருந்தார். நான் வேலையிடத்தில், கூரைக்குள் தலையை விட்டு ஏணியில் நின்றபடி அந்த அழுகையைக் கேட்டேன்.

எங்கள் கலியாணம் மெல்பேர்னில், நாங்கள் இருக்கிற வெரிபீயில், ஆற்றங்கரையில் நடந்தது. அப்பாவும் அம்மாவும் வரவில்லை. அக்கா வந்தார். கிரெக்குக்குப் பட்டு வேட்டி கொண்டு வந்து, அது நிற்காது என்று தெரிந்து, இடுப்பைச் சுற்றி ஊசியாகக் குத்தித் தள்ளினார். "அக்கா, நான் கதிரையில் இருக்கலாமா?" என்று கிரெக் ஆங்கிலத்தில் கேட்க, "ஆறுதலா இரு, துள்ளி எழும்பாதை" என்று தமிழில் சொன்னார். பதிவுப் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்து வைத்தார். சாப்பாட்டுக்கு முன் எழுந்து நின்று, "எனக்கு ஒரு தம்பிதான் இருந்தவன். இண்டைக்கு ரெண்டு" என்றார். அன்றிலிருந்து கிரெக் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவருக்கு முதலில் தெரிந்த தமிழ்ச் சொல் அதுதான்.

நீ பிறந்த கதை உனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறோம். உன்னைச் சுமந்து பெற்றவர் டாடியின் சிநேகிதி. நாங்கள் இரண்டு பேரும்தான் உன் பெற்றோர் என்று நீதிமன்றம் கட்டளை போட்டது, உன் பிறப்புச் சான்றிதழில் எங்கள் இரண்டு பெயரும் இருக்கின்றன. அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த நாளில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி வேலை முடிந்தது. சட்டம் சரி, பதிவு சரி, மிச்சம் தானாக வரும். புது விதிமுறை வந்தால் பழைய கட்டடங்களும் காலப்போக்கில் அதற்கு ஏற்ப மாற்றப்பட்டுவிடும் என்று நம்புகிற பொறியியலாளன் மாதிரி நினைத்துக்கொண்டேன். எத்தனை பழைய கட்டடங்களில் சுவரில் புதுப் பெட்டியைப் பூட்டிவிட்டு உள்ளே வயர் இழுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று என் கண்ணாலேயே பார்த்தும், அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அப்பா வந்தார். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நீ பிறந்து சில மாதம் கழித்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெரிய சூட்கேசும் அரிசிமாப் பையுமாக வெரிபீயில் வந்து இறங்கினார். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் கிடையாது. உன்னைத் தள்ளுவண்டியில் வைத்து, எங்கள் புதுக் குடியிருப்பில் இருக்கிற செயற்கைக் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒருநாள் தமிழ்க் கடையில் நானும் கூட நின்றேன். "ஆற்ற பிள்ளை, அண்ணை?" என்று கடைக்காரர் கேட்டார். "என்ர பேத்தி." "அப்பிடியோ, மகனுக்கு எப்ப கலியாணம் நடந்தது? மருமகளைக் காணேல்லை." அப்பா மரவள்ளிக்கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபடி, "மருமகள் இல்லை, மருமகன். வீட்டில நிண்டு சமைக்கிறார். புளிக்குழம்பு வைக்கப் பழக்கினனான், உறைப்புத்தான் இன்னும் காணாது" என்றார். கடைக்காரர் மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணித் தந்தார். டாடிக்கு முறைப்பெயர்களைச் சொல்லிக் கொடுத்ததும் அப்பாதான். மருமகன், பேத்தி, பேரப்பிள்ளை என்று குசினியில் நின்று திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். பேரப்பிள்ளை என்ற சொல் டாடியின் வாயில் நுழையப் பட்ட பாடு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அப்பா இறந்தது சிட்னியில். மூளையில் இரத்தக்கசிவு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கே முடிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் விமானத்தில் போய் இறங்கியபோது அக்கா வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அக்கா உன்னைத் தூக்கி, "குஞ்சு, அப்பப்பா போட்டாரம்மா" என்று அழுதார். கிரெக்கைக் கட்டிப்பிடித்து அழுதார். அதெல்லாம் நடிப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் இவ்வளவு பக்கம் எழுதியிருக்க மாட்டேன்.

செத்தவீட்டில் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பது எங்கள் வழக்கம். சவப்பெட்டியைச் சுற்றி நின்று, துணி சுற்றிய குச்சியில் நெய் தோய்த்துக் கொளுத்திப் பிடிப்பார்கள். பேரன், பேத்தி என்ற முறை உள்ளவர்கள்தான் பிடிப்பது. நாங்கள் எடுத்திருந்த தகன மண்டபத்தில் நெருப்புக்கு அனுமதியில்லை, கூரையில் புகை உணரிகள் இருக்கின்றன. கிரியைக்காக அவற்றை நிறுத்திவைக்கும் வழிமுறையை நான் அவர்களுக்கு விளக்கிச் சொல்லியும் பார்த்தேன், சம்மதிக்கவில்லை. "உன்ர வேலைதானே, ஒரு வழி பண்ணு" என்றார் அக்கா. பண்ணினேன். அக்காவின் கராஜில் இருந்து, தடிகளை வெட்டி, நுனியில் துடிக்கிற மஞ்சள் விளக்கையும் பற்றரியையும் பொருத்தி, வெள்ளைத் துணி சுற்றினேன். நீ பக்கத்தில் இருந்து டேப் கிழித்துத் தந்தாய். உன் கைக்கு அளவாக ஒன்றைக் குட்டையாக வெட்டினேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தக் குட்டைப் பந்தத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார். "குஞ்சுக்கும் செய்திட்டியோ?" என்றார். சிரித்தார்.

அதே நேரத்தில் மரண அறிவித்தல் வெளியாகிவிட்டது. அதை எனக்குச் சொன்னது லண்டனில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி. "அண்ணை, நோட்டீஸ் பாத்தனான். உங்கட ஆக்களைக் காணேல்லை?" என்று கேட்டான். உனக்கு இந்த வழக்கம் தெரியாமல் போகலாம் என்பதால் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் இணையத்தில் அறிவித்தல் போடுவோம். பிறந்த ஊர், இருந்த நாடு, பெயர். அதற்குப் பிறகு 'அன்னார்' என்று தொடங்கி, அவருடைய உறவு முழுவதும் ஒரே நீட்டு வசனமாக வரும்: இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அன்பு மாமனாரும், இன்னாரின் ஆசை அப்பப்பாவும் அம்மப்பாவும் என்று போய்க்கொண்டேயிருக்கும். செத்துப்போன சம்பந்திகளும் வருவார்கள், சகலனின் சகோதரிகளும் வருவார்கள். காணித் தகராறில் வருடக்கணக்காக அப்பாவின் முகத்தைப் பார்க்காத மைத்துனர்கூட 'அன்பு மைத்துனர்' என்று வந்திருந்தார். பாசமிகு தந்தை என்ற இடத்தில் அக்காவும் நானும். மாமனார் என்ற இடத்தில் அத்தான், அக்காவின் கணவர், மட்டும். பேரப்பிள்ளைகள் என்ற இடத்தில் அக்காவின் மகளும் மகனும் மட்டும். மகள் வழிக்கு அம்மப்பா என்று இருந்தது. மகன் வழிக்கு வரவேண்டிய அப்பப்பா என்ற சொல்லே இல்லை. வாசிக்கிறவர்களுக்கு நான் கலியாணம் கட்டாத ஆள்.

அறிவித்தலை எழுதிக் கொடுத்தவர் அக்கா. போனை நீட்டி அவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, அவசரத்தில விட்டுப்போச்சடா. நான் திருத்தச் சொல்லுறன், நீ போய்ப் படு" என்றார். நான் நம்பினேன். சாட்சிக் கையெழுத்து வைத்தவர் சொன்னால் நம்பாமல் வேறென்ன செய்வது? காலையில் பார்த்தேன், திருத்தவில்லை. சனி ஞாயிறில் அறிவித்தல் போடுகிற இடத்தில் ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்றார். அதையும் நம்பினேன்.

இனி நடந்ததை நீ கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் நீயும் அங்கே இருந்தாய். நான் ஒரே மகன் என்பதால் கிரியை செய்தது நான். வெறும் மேலோடு வேட்டி கட்டி, விரலில் தர்ப்பையோடு, தலைமாட்டில் நின்று சின்ன உரலில், உடலுக்குச் சாத்துகிற சுண்ணப்பொடி இடித்துக்கொண்டிருந்தேன். நீ முன்னால் இருந்தால் கத்துவாய் என்று டாடி உன்னைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். "பேரப்பிள்ளையள் வாங்கோ, பந்தம் பிடிக்க" என்று ஐயர் கூப்பிட்டார். டாடிக்கு அந்தச் சொல் தெரியும். அப்பா குசினியில் நின்று படிப்பித்த சொல் அல்லவா? உன்னை இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு, நடுவழியால் முன்னுக்கு நடந்து வந்தார். நான் பார்த்தேன். நீ நல்ல வடிவாக, நேராக நடந்து வந்தாய். அக்கா பந்தங்கள் இருந்த பெட்டியை வைத்துவிட்டு, வேகமாகப் போய் நடுவழியிலேயே உங்களைச் சந்தித்தார். டாடியின் தோளில் கை வைத்து, மெதுவாக, இரக்கமாக, ஆங்கிலத்தில், பெட்டிக்குள் அப்பப்பாவைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும், பின்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். டாடி அவருடைய கையைப் பிடித்து, "தாங்க் யூ அக்கா" என்று சொல்லிவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

அக்கா வந்து பந்தங்களைக் கொடுத்தார். தன் மகளுக்கு, மகனுக்கு, பிறகு அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியின் பேரன்களுக்கு. அவர்களும் அந்த முறைதான் என்று சொல்லுவார்கள், சரி. உனக்கு வெட்டிய குட்டைப் பந்தம் அதில் ஒரு பொடியனின் கைக்குப் போனது. கடைசி வரிசையில் இருந்து, "அப்பா, அது என்ர" என்று நீ சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் உலக்கையை நிறுத்தி, "அக்கா" என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "எல்லாப் பேரப்பிள்ளையளும் வந்தாச்சோ?" என்று ஐயர் கேட்டார். அவருக்கு ஒரு கரைச்சலும் இல்லை, இன்னொரு பிள்ளை வந்து நின்றிருந்தால் தள்ளி நில்லுங்கோ என்று மட்டும் சொல்லியிருப்பார். "ஓம் ஐயா, எல்லாரும் வந்தாச்சு" என்றார் அக்கா. "இல்லை, என்ர மகள் பின்னால இருக்கிறாள்" என்று நான் சொல்லும்போது சுண்ணப் பாட்டுத் தொடங்கிவிட்டது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவை நிம்மதியா அனுப்படா" என்றார். தகனத்துக்குக் குறித்த நேரம் போகிறது என்று மண்டப ஊழியர் கதவடியில் நின்று கையைக் காட்டினார். பெட்டி மூடப்பட்டது. அதைத் தகன அடுப்புக்கு அனுப்புகிற பொத்தானை நான்தான் அழுத்தினேன்.

அடுத்தநாள் காலையில் அக்காவைக் குசினியில் பிடித்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "நோட்டீஸ் விட்டுப்போகேல்லை, என்ன?" என்று கேட்டேன். அவர் தண்ணீரை நிறுத்தினார்.

"இல்லை."

"ஏன்?"

"என்ர மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறமடா. ரொறன்ரோவில. நல்ல இடம், பெடியனையும் அவளுக்குப் பிடிச்சிருக்கு. தாய் தேப்பன் பழைய ஆக்கள். செத்தவீடு எண்டு கேள்விப்பட்டா முதல் வேலையா நோட்டீஸைத்தான் எடுத்துப் பாப்பினம். அதில ஒரு ஆம்பிளைப் பேரை மருமகன் எண்டு உனக்குப் பக்கத்தில போட்டா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"அப்பா கடையில வைச்சுச் சொன்னவர், மருமகன் எண்டு. ஆரோ ஒரு கடைக்காரருக்கு."

"அப்பாக்குக் கலியாணம் பேசப் பிள்ளையள் இருந்ததோ?" என்றார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார். "நான் உனக்காக வீடு வீடாப் போனனான். சனம் என்னைப் பாத்து முகத்தைத் திருப்பினது. ஒருநாள் உனக்குச் சொல்லிக் காட்டினனானோ? ஒருக்கா, ஒரே ஒருக்கா, என்ர பிள்ளைக்காக நீ விட்டுத்தரக் கூடாதோ?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது பொய்யில்லை. கேட்டிருந்தால், உண்மையாகவே முதலிலேயே கேட்டிருந்தால், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். "என்னை விட்டிருந்தாப் பேசாமல் இருந்திருப்பன். என்ர மகளை எப்பிடி விட்டனீங்கள்? கிரெக்கின்ர தோளில கை வைச்சு எப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். தோளில் கை வைத்ததுதான் எனக்குப் பெரிய விஷயம், மகளே. இல்லை என்று அடையாளமிட்டு அனுப்பியவர்கள் என்னை ஏமாற்றவில்லை. கதவைச் சாத்திய அங்கிள் ஏமாற்றவில்லை. அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தெரியும். அக்காவின் கை அந்தத் தோளுக்குப் பழக்கமான கை. கலியாணத்தன்று வேட்டிக்கு ஊசி குத்திய கை. அதனால்தான் டாடி திரும்பிப் போனார். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்.

பிறகு அக்கா ஒன்று கேட்டார். குரலைத் தாழ்த்தி, அன்பாகத்தான் கேட்டார். "நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. பிள்ளை ஆற்ற? உன்ரயோ, கிரெக்கின்ரயோ?" கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டார். "உன்ர எண்டாச் சொல்லு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலரில பேத்தி எண்டு போடுறன். அப்பான்ர ரத்தம் எண்டு சொன்னா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். தாய் ஆரெண்டு ஆரும் கேட்டா நான் ஏதும் சொல்லிச் சமாளிப்பன். ரொறன்ரோ ஆக்களுக்கும் அது பரவாயில்லை."

விடை எனக்குத் தெரியும். டாடிக்கும் தெரியும். அந்தக் குசினியில் நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே பேத்தி ஆகியிருப்பாய், அல்லது அந்த ஒரு சொல்லாலேயே என்றைக்கும் ஆகாமல் போயிருப்பாய். எது என்று இதில் எழுத மாட்டேன். என்னுடையது என்று சொன்னால் உன் டாடி எங்கள் வீட்டில் சமைக்கிற ஓர் ஆள். அவருடையது என்று சொன்னால் நான் உன்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற ஓர் ஆள். எப்படிச் சொன்னாலும் உனக்கு ஒரு தகப்பன் குறைந்துபோவான். அப்பப்பா உன்னைத் தள்ளிக்கொண்டு அந்தக் குளத்தை எத்தனையோ தரம் சுற்றினார். ஒருநாள்கூட இதைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையா, தோன்றியும் கேட்கவில்லையா என்று நான் அவரிடம் விசாரிக்கவுமில்லை. "ரத்தம் பாத்துத்தான் சேர்ப்பீங்கள் எண்டால் சேர்க்கவேண்டாம், அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

டாடிக்கு விமான நிலையத்தில் வைத்துச் சொன்னேன். நீ அவருடைய மடியில் நித்திரை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆனால் நான் அவளுக்கு நன்றி சொன்னேனே" என்றார் ஆங்கிலத்தில். கொஞ்சநேரம் கழித்துத் திரும்பவும் அதையே சொன்னார். விமானத்தில் ஏறி இருந்த பிறகும் ஒருதரம் சொன்னார். எனக்கு அக்காவோடு இருக்கிற கணக்கில் மற்றதெல்லாவற்றையும் ஒருநாள் விட்டாலும் விடுவேன். அந்த நன்றியை விடமாட்டேன்.

நீ வளர்ந்த பிறகு மாமியைப் பார்க்கப் போக நினைத்தால் போ. நான் தடுக்கமாட்டேன், முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். அவருடைய சமையல் உனக்குப் பிடிக்கும், அவருக்கு உன்னைப் பிடிக்கும். இரண்டும் உண்மை. ஆனால் உன்னைப் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் எல்லாரிடமும் ஒன்றைப் பார்த்துக்கொள்: அந்நியர் வந்து நிற்கும்போது உன்னை என்ன முறை சொல்லி அறிமுகம் செய்கிறார்கள் என்று பார். வீட்டுக்குள் கொஞ்சுவதை வைத்து முடிவெடுக்காதே, நான் அப்படி முடிவெடுத்தவன். அந்த இரத்தக் கேள்வியை உன்னிடமும் ஒருநாள் யாராவது கேட்பார்கள், தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி. விடை உனக்குச் சொந்தமானது. நீ என்னிடம் கேட்கிற அன்றைக்கே சொல்லுவேன், ஒரு நிமிடம் தாமதிக்கமாட்டேன். ஆனால் அதைக் கொடுத்து ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாதே.

வருகிற ஞாயிறு அந்தியேட்டி. நாங்கள் போகவில்லை. இன்று மத்தியானம் அக்கா செய்தி அனுப்பியிருந்தார்: "மலர் பின்னேரம் அச்சுக்குப் போகுது. உன்ர முடிவைச் சொல்லு." நான் வேலையிடத்தில் இருந்தே பதில் எழுதினேன். 'அவள் எங்கள் இரண்டு பேருக்கும் மகள். கிரெக்கை மருமகன் என்றும் அவளைப் பேத்தி என்றும் போடுவதென்றால் போடுங்கள். முடியாதென்றால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்.' அவர் வாசித்துவிட்டார், நீல அடையாளம் விழுந்திருக்கிறது. பின்னேரம் போய் இரவுச் சாப்பாடும் முடிந்துவிட்டது, பதில் வரவில்லை.

அந்த மலர் நீ இதை வாசிக்கிற காலத்திலும் யாராவது ஒருவர் வீட்டு அலுமாரியில் இருக்கும், எங்கள் ஆட்கள் அதை எறியமாட்டார்கள். கையில் கிடைத்தால் திறந்து பார். அப்பப்பாவைக் கொள்ளி வைத்து அனுப்பிய மகனின் பெயர் அதில் இல்லாவிட்டால், அதை எடுக்கச் சொன்னது நான். உன் பெயர் இல்லாத பக்கத்தில் என் பெயர் இருந்தால், அது என்னைக் கேட்காமல் போட்டது.

உன் அப்பா